தோற்கட்டும் என்று வேண்டும் ரசிகர்

ராயல் சாலஞ்சர்ஸ் பெங்களூரு அணி 2017-இல் ஐபிஎல் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. 2019-இல் மறுபடியும் அதே கடைசி இடம். கர்நாடகத்தின் தங்கவயல் பகுதியில், பேத்தமங்களாவிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் அந்த அணியைத் தங்கள் அணியாகவே வைத்துக் கொண்டாடும் தமிழ் இளைஞர்கள் ஏராளம். தோல்விக்குத் தோல்வி திட்டித் தீர்த்த ரசிகர் உண்டு, வெறுத்துப்போய் டிவியை அணைத்தவர் உண்டு. ஆனால் ‘மிச்சமிருக்கும் ஆட்டங்களிலும் தோற்றுத் தொலை’ என்று மனதார வேண்டிக்கொள்ள ஒருவருக்கும் காரணம் இருந்ததில்லை. ஏனென்றால் ஐபிஎல்லில் வீரர்கள் ஏலத்தில்தான் வருகிறார்கள். 2025 பருவத்துக்கான பெரிய ஏலத்தில் ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். கோப்பையைத் தூக்கிய அணிக்கும் அதே 120 கோடி, கடைசியில் கிடந்த அணிக்கும் அதே 120 கோடி. தோற்றதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. அதனால் பெங்களூரு ரசிகரின் ஆசையும் அணியின் தேவையும் கடைசிப் பந்துவரை ஒரே பக்கம் நின்றன.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். அந்த ஆட்டத்தின் பெரிய லீகான என்எஃப்எல்லில் புதிய வீரர்கள் ஏலத்தில் வருவதில்லை. ‘டிராஃப்ட்’ என்ற முறையில் வருகிறார்கள். கல்லூரிகளில் ஆடி முடித்து வரும் இளைஞர்களை அணிகள் வரிசையாக, ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் தேர்வு. கோப்பை வென்ற அணிக்குக் கடைசித் தேர்வு. பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க 1935-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் இந்த யோசனையைச் சொன்னார். 1936 பிப்ரவரியில் முதல் டிராஃப்ட் நடந்தது. நோக்கம் நியாயமானது. விளைவு என்னவென்றால், பருவத்தின் பாதியிலேயே வாய்ப்பை இழந்த அணியின் ரசிகருக்கு இரட்டை மனம் வந்துவிடுகிறது. 2020 டிசம்பர் 20 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணி, அதுவரை ஆடிய 13 ஆட்டங்களிலும் தோற்ற நிலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியை 23-20 என்று வென்றது. பல மாதங்களுக்குப் பிறகு கிடைத்த வெற்றி. ஜெட்ஸ் ரசிகர்களில் பெரும்பகுதியினர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வெற்றியால் முதல் தேர்வு ஜாக்சன்வில் அணியின் பக்கம் போயிற்று. அந்தத் தலைமுறையின் சிறந்த குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரர்) என்று எல்லோரும் சொன்ன டிரெவர் லாரன்ஸும் அதோடு போனார்.

இப்படி வேண்டிக்கொள்ளும் ரசிகரைத் துரோகி என்று ஒதுக்குவது சுலபம். அது சரியும் அல்ல. அவர் தரப்பு வாதத்தை அதன் முழு வலுவோடு கேட்க வேண்டும். இந்த வருஷம் கோப்பை இல்லை என்பது முடிந்துபோன விஷயம். மிச்சமிருக்கும் மூன்று ஆட்டங்களை வென்றால் பட்டியலில் கடைசியிலிருந்து நான்காவது இடம். தோற்றால் பத்து வருஷத்துக்கு அணியைத் தாங்கப்போகும் ஓர் ஆட்டக்காரர். வீட்டில் அரிசி தீர்ந்தாலும் விதைநெல்லைத் தொடாத விவசாயியைப் போல, இன்றைய பசியைப் பொறுத்துக்கொண்டு நாளைய விளைச்சலைக் காக்கிறேன் என்கிறார் அவர். இதில் அன்புக்குக் குறைவில்லை. அணி எப்படிப் போனால் என்ன என்றிருப்பவர் டிராஃப்ட் வரிசையைக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார மாட்டார். அவருக்குச் சான்றும் உண்டு. 1996-97 பருவத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற கூடைப்பந்து அணி, தன் நட்சத்திர ஆட்டக்காரர் டேவிட் ராபின்சன் காயம்பட்டு வெளியில் இருக்க, 82 ஆட்டங்களில் 20-ஐ மட்டுமே வென்றது. கூடைப்பந்திலும் டிராஃப்ட் உண்டு; 1997-இல் அந்த அணிக்கு முதல் தேர்வு விழுந்தது. டிம் டங்கன் வந்தார். அவரோடு அந்த அணி 1999 முதல் 2014 வரை ஐந்து கோப்பைகளை வென்றது. ஒரு மோசமான வருஷத்துக்கு ஐந்து கோப்பைகள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் இதே 1997-இன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பருவத்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 82-இல் 15 ஆட்டங்களையே வென்றது. டங்கன்மேல் கண் வைத்திருந்த ரசிகர்கள் ஒவ்வொரு தோல்வியையும் முதலீடாக எண்ணினார்கள். கூடைப்பந்து லீகில் முதல் தேர்வைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். ஸ்பர்ஸைவிடச் செல்டிக்ஸுக்குத்தான் வாய்ப்பு அதிகம். குலுக்கல் கைவிட்டது. தோல்வி மட்டும் கணக்கில் நின்றது. இனி, முதல் தேர்வு கையில் கிடைத்தாலும் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றின் முதல் டிராஃப்டே பதில் சொல்லும்: 1936-இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் 199-வது ஆளாக, கேட்பாரற்றுக் கிடந்து தேர்வான டாம் பிராடி, என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார். ஜெட்ஸ் அணி லாரன்ஸை இழந்து இரண்டாவது தேர்வில் எடுத்த சாக் வில்சன் 2024-இல் வேறு அணிக்கு அனுப்பப்பட்டுவிட்டார்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஐபிஎல் 2008-இல் தொடங்கியபோது, 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இளைஞர்களை மட்டும் ஏலத்தில் விடாமல் டிராஃப்ட் முறையில் பிரித்தார்கள். டெல்லி அணி, தன் ஊர்ப் பையனான விராட் கோலி இருக்கும்போதே, வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. சேவாக், கம்பீர் என்று மட்டையாளர்கள் ஏற்கெனவே இருந்ததால் அன்றைக்கு அது தவறான முடிவாகத் தெரியவில்லை. பெங்களூரு கோலியை எடுத்தது. மற்றது எல்லோருக்கும் தெரியும். 2025 ஜூன் 3 அன்று கோப்பை வந்தபோதும் அவர் அதே அணியில் இருந்தார். இளைஞர் ஒருவர் என்ன ஆவார் என்பதை அவருடைய சொந்த ஊர் அணியாலேயே சரியாகக் கணிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட கணிப்பை நம்பி ஒரு பருவத்தையே விட்டுக்கொடுப்பதைத்தான் தோல்வியை வேண்டும் ரசிகர் கேட்கிறார்.

திட்டமிட்டே தோற்றவர்களின் கணக்கையும் பார்த்துவிடலாம். பிலடெல்பியா 76ers கூடைப்பந்து அணி 2013 முதல் மூன்று பருவங்களை எதிர்காலத்துக்காகவே ஒதுக்கியது. நல்ல ஆட்டக்காரர்களை விற்று, தேர்வு உரிமைகளைச் சேர்த்தது. அந்த மூன்று வருஷங்களில் 246 ஆட்டங்களில் வென்றது 47. ரசிகர்கள் எதிர்க்கவில்லை, திட்டத்தை நம்புங்கள் என்பதே அவர்களுடைய கோஷமாயிற்று. பலன் இல்லாமல் போகவில்லை. ஜோயல் எம்பீட் வந்தார், 2023-இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். ஆனால் 2016-இலும் 2017-இலும் அடுத்தடுத்துக் கிடைத்த இரண்டு முதல் தேர்வுகளும் அந்த அணியில் நிலைக்கவில்லை. அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து 2025 வரை அந்த அணி பிளே-ஆஃபின் இரண்டாம் சுற்றைத் தாண்டியதே இல்லை.

இதுவரை சொன்னது லாப நஷ்டக் கணக்கு. என் வாதம் அதோடு முடியவில்லை. விதைநெல் உவமையை அந்த ரசிகர் எடுத்தாலும் அது ஓர் இடத்தில் பொருந்தாமல் போகிறது. விவசாயி தன் பசியைத்தான் பொறுத்துக்கொள்கிறார். அதனால் பக்கத்து வயல் காய்வதில்லை. விளையாட்டில் ஒரு தோல்வி என்பது இன்னொருவருக்கு வெற்றி, மூன்றாமவருக்கு வெளியேற்றம். 2021 ஜனவரி 3 அன்று பருவத்தின் கடைசி ஆட்டத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ், வாஷிங்டன் அணியிடம் மூன்று புள்ளிகளே பின்தங்கியிருந்தபோது, அதுவரை ஆடிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை வெளியே அழைத்து, அதிகம் ஆடியிராத மாற்று ஆட்டக்காரரை இறக்கியது. 20-14 என்று தோற்றது. ஈகிள்ஸுக்கு அதனால் ஒன்பதாவது தேர்வுக்குப் பதில் ஆறாவது தேர்வு. களத்திலேயே இல்லாத நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு? அன்று ஈகிள்ஸ் வென்றிருந்தால் ஜயண்ட்ஸ் பிளே-ஆஃபுக்குப் போயிருக்கும். அந்த அணியின் வீரர்கள் வெளிப்படையாகவே கொதித்தார்கள். (அன்று வெளியே உட்கார வைக்கப்பட்ட ஹர்ட்ஸ்தான் 2025 பிப்ரவரியில் அதே ஈகிள்ஸுக்காகச் சூப்பர் பவுல் வென்று ஆட்டநாயகன் விருதும் பெற்றார். அவர் 2020 டிராஃப்டில் 53-வது ஆள்.)

இந்த வலி கர்நாடகத்துக்குப் புதிதல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பேட்மிண்டன் இரட்டையர் போட்டிகளை முதன்முறையாகக் குழுச் சுற்றாக நடத்தினார்கள். ஜூலை 31 அன்று உலகச் சாம்பியன்களான சீனாவின் வாங் சியாவ்லி, யூ யாங் இணையும் தென்கொரிய இணையும் மோதின. இருவரும் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள். வென்றவர், இறுதிக்கு முன்பே இன்னொரு சீன இணையைச் சந்திக்க வேண்டி வரும். இரு பக்கமும் இறகுப்பந்தை வலையில் அடித்தார்கள். சர்வீஸை வெளியே போட்டார்கள். காசு கொடுத்து வந்த கூட்டம் கூச்சலிட்டு எதிர்த்தது. அடுத்த நாள் சீனா, தென்கொரியா, இந்தோனேசியாவைச் சேர்ந்த எட்டு வீராங்கனைகளை உலகக் கூட்டமைப்பு தகுதி நீக்கம் செய்தது. உலகம் அந்தப் படங்களைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. பெங்களூருவில் பிறந்த அஸ்வினி பொன்னப்பாவும் ஜுவாலா கட்டாவும் ஆடிய குழுவில் என்ன நடந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மூன்றில் இரண்டு ஆட்டங்களை வென்று அவர்கள் காலிறுதியின் வாசலில் நின்றார்கள். அவர்களை வென்றிருந்த ஜப்பான் இணை, அவர்களிடம் தோற்றிருந்த சீன தைபே இணையிடம் தோற்றது. மூன்று இணைகளும் சமநிலை. புள்ளி வித்தியாசத்தில், ஒரே ஒரு புள்ளியில், இந்தியர்கள் வெளியேறினார்கள். அந்த ஆட்டத்தின்மேல் சந்தேகம் தெரிவித்து இந்தியா முறையிட்டது, முறையீடு ஏற்கப்படவில்லை. ஜப்பான் இணை வேண்டுமென்றே தோற்றது என்று நிரூபிக்கப்படவில்லை. அப்படிச் சொல்வதற்கு எனக்கு உரிமையும் இல்லை. நான் சொல்வது, தோற்பவருக்கு நன்மை வரும்படி விதி அமைந்துவிட்டால் நேர்மையான தோல்வியைக்கூட நம்ப முடியாமல் போகிறது என்பதைத்தான். நான்கு வருஷம் உழைத்துப் போன இருவர், தாங்கள் உண்மையாகவே தோற்றோமா என்று தெரியாமல் ஊர் திரும்புவது பெரிய அநியாயம்.

ஆக, குற்றவாளி யார்? களத்தில் இறங்கும் ஆட்டக்காரரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அவர் தோற்பதற்காக ஆடுவதில்லை. அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்பது அந்தக் கடைசி ஆட்டங்களைப் பொறுத்தது, டிராஃப்டில் வரும் புதியவர் அவருடைய இடத்துக்கே வரலாம். தோல்வி பெரும்பாலும் அலுவலகத்தில் தயாராகிறது: யாரை விற்பது, யாருக்கு ஓய்வு, யாரை இறக்குவது என்ற முடிவுகளில். ஆஸ்திரேலியக் கால்பந்து லீகான ஏஎஃப்எல்லில் ஒரு காலத்தில், இரண்டு பருவம் தொடர்ந்து ஐந்துக்கும் குறைவான வெற்றிகளோடு முடித்த அணிக்குக் கூடுதலாக ஒரு முன்னுரிமைத் தேர்வு தந்தார்கள். 2009-இல் மெல்போர்ன் அணி நான்கு வெற்றிகளோடு நின்றது; முதல் இரண்டு தேர்வுகளும் அதற்கே கிடைத்தன. நீண்ட விசாரணைக்குப் பிறகு 2013-இல் லீக் ஒரு விசித்திரமான தீர்ப்பைச் சொன்னது: அணி வேண்டுமென்றே தோற்றதாக நிரூபிக்கப்படவில்லை, ஆனால் 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். அன்றைய பயிற்சியாளரையும் மேலாளர் ஒருவரையும் இடைநீக்கம் செய்தார்கள். அதற்கு முன்பே அந்த முன்னுரிமைத் தேர்வு தானாகக் கிடைப்பதை லீக் நிறுத்தியிருந்தது. நான்கு வெற்றிக்குப் பரிசு என்றும் ஐந்து வெற்றிக்கு ஒன்றுமில்லை என்றும் எழுதி வைத்தது அந்த லீக்தான். தண்டனை மட்டும் அணிக்குப் போயிற்று. தோல்வியை வேண்டிய மெல்போர்ன் ரசிகர் செய்ததெல்லாம் அந்த விதியை ஒழுங்காகப் படித்ததுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. டிராஃப்டை எடுத்துவிட்டால் பணம் உள்ளவன் ராஜ்ஜியம்தானே? ஜெர்மனியில் டிராஃப்ட் கிடையாது. பேயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை சாம்பியன். அமெரிக்காவிலோ சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே என்ற சிறிய நகரத்தின் அணி நியூயார்க், சிகாகோ அணிகளோடு சரிக்குச் சரி நிற்கிறது. சிறிய ஊர்க்காரர்கள் இந்த வாதத்தை அலட்சியம் செய்யக் கூடாது, நானும் செய்யவில்லை. பலவீனமான அணிக்குக் கை கொடுப்பது வேறு, தோல்விக்குக் கூலி கொடுப்பது வேறு. இரண்டையும் பிரிக்க முடியும் என்பதே என் பதில். கூடைப்பந்து லீக் 1985 முதலே குலுக்கலை வைத்துப் பார்த்தது. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கு ஒரே அளவாக 14 சதவீத வாய்ப்பு என்று ஆக்கியது. ஆசை குறைந்தது, போகவில்லை. 2023 ஏப்ரலில் பிளே-ஆஃப் வாய்ப்பு மிச்சமிருந்தபோதே முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்ததற்காக டல்லாஸ் அணிக்கு ஏழரை லட்சம் டாலர் அபராதம் போட வேண்டி வந்தது. இதைவிட நேர்த்தியான வழியை 2024-இல் தொடங்கிய வட அமெரிக்கப் பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக் எடுத்திருக்கிறது. ஓர் அணி பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்த நாளிலிருந்து அது சேர்க்கும் புள்ளிகளை எண்ணுகிறார்கள். அதிகம் சேர்த்த அணிக்கு முதல் தேர்வு. பலவீனமான அணி சீக்கிரமே வாய்ப்பை இழக்கும், ஆகவே புள்ளி சேர்க்க அதற்கு அதிக ஆட்டங்கள் கிடைக்கும். கை கொடுத்தலும் இருக்கிறது, ஒவ்வொரு இரவும் வெல்ல வேண்டிய காரணமும் இருக்கிறது. முதல் வருஷம் கடைசி இடத்திலிருந்த நியூயார்க் அணிக்கே முதல் தேர்வு போயிற்று. அங்கே ரசிகர் இரண்டு மனதோடு உட்கார வேண்டியதில்லை.

ஐரோப்பாவைப் போலக் கடைசி அணியைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிட்டால் போதும் என்று சொல்வோரும் உண்டு. பொதுவாக அது நல்ல மருந்து. ஆனால் தனியாக நோயைத் தீர்க்காது. 2004-இல் கோவா இரண்டாம் பிரிவுக் கால்பந்தில் மேலே ஏறும் ஓர் இடத்துக்காகக் கோல் வித்தியாசம் தேவைப்பட்டபோது, ஒரே நேரத்தில் நடந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்று 61-1 என்றும் மற்றொன்று 55-1 என்றும் முடிந்தன. நான்கு அணிகளுக்கும் தடை விழுந்தது. 1998 டைகர் கோப்பையில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதியபோது, வென்றால் அரையிறுதியில் போட்டியை நடத்தும் வியட்நாமை ஹனோயில் சந்திக்க வேண்டும் என்பதால், இந்தோனேசியத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் கடைசி நிமிடங்களில் வேண்டுமென்றே தன் கோலிலேயே பந்தை அடித்தார். இரு அணிகளும் அரையிறுதியில் தோற்றன என்பது வேறு விஷயம். போட்டி எந்த வடிவில் இருந்தாலும் விதியை எழுதுகிறவர் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: எந்தக் கட்டத்திலாவது தோற்பது ஓர் அணிக்கு லாபமாகுமா?

நம்முடைய ஐஎஸ்எல் கால்பந்தில் தோற்பவருக்குப் பரிசு இருந்ததில்லை. பல பருவங்களாக இழப்பும் இருந்ததில்லை. 2024-25-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் 13 அணிகளில் 13-வதாக வந்தது, கீழிறக்கம் நடக்கவில்லை. 2023-24-இல் பெங்களூரு எஃப்சி 12 அணிகளில் பத்தாவது. பிளே-ஆஃப் நம்பிக்கை போன பிறகு அந்த ஆட்டங்களை வென்றாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். அமெரிக்க ரசிகரின் இரட்டை மனத்தைவிட இது ஒரு விதத்தில் மோசம். அவருக்காவது ஆட்டத்தைக் கவனித்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், உரிகம், மைசூர் மைன் என்று சுரங்கங்கள் ஓடிய காலத்தில் தங்கவயல் தொழிலாளர் குடியிருப்புகளில் கால்பந்தும் ஹாக்கியும் ஊறிக் கிடந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அப்படி வாழும் ஒருவர், கிடைக்கும் ஓய்வு நாளிலும் அதே ரயிலைப் பிடித்துக் கண்டீரவா மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போகிறார் என்றால், அவர் கொடுப்பது டிக்கெட் காசு மட்டும் அல்ல. அவருக்கு முன்னால் நடக்கும் ஆட்டத்தை இரண்டு அணிகளும் வெல்ல விரும்ப வேண்டும் என்பது அவர் கேட்கக்கூடிய மிகக் குறைந்த உரிமை. அதை ஆட்டக்காரர்களின் நல்ல மனத்திடம் விட்டுவிட முடியாது; லீகின் விதிப்புத்தகத்தில் இருக்க வேண்டும்.

விதியை மாற்ற முடியும் என்பதற்கு லண்டனே சான்று. அந்த ஒலிம்பிக் முடிந்து சில மாதங்களுக்குள் பேட்மிண்டன் கூட்டமைப்பு இரட்டையர் போட்டியின் அமைப்பைத் திருத்தியது. குழுவில் இரண்டாம் இடம் பெறும் இணைகள் யாரோடு மோத வேண்டும் என்பதைக் குழு ஆட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகு குலுக்கி எடுக்கிறார்கள். தோற்றால் யார் எதிரில் வருவார் என்று முன்கூட்டியே தெரியாது. தெரியாததால் தோற்பதில் லாபமும் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அஸ்வினியும் ஜுவாலாவும் மறுபடியும் ஆடினார்கள், குழுச் சுற்றிலேயே வெளியேறினார்கள். அந்தத் தோல்விகளின்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.